உறை

டுலூத்தில் பிப்ரவரி. முழங்கால் வரை பனி.
ஹார்டுவேர் கடை வாசலில் உப்பு மூட்டையை டிக்கியில் ஏற்றி
வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான்
மார்லிஸ் ஹாகனுக்குத் தெரிந்தது
இடது பை லேசாக இருப்பது.

நாற்பது டாலர். போனால் போகிறது.
பத்துக்கு ஒன்பது ஓட்டை விழுந்த காப்பி அட்டை,
அது கொஞ்சம் வலித்தது.
ஓட்டுநர் உரிமம், அதில் அவள் எடை மட்டும் பொய்.
பிறகு அந்த நீல அட்டை, அரசாங்கம் தந்த ஒன்பது இலக்கம்.
அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள் என்று
பள்ளிச் சமையற்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னவளே அவள்தான்.

இரவெல்லாம் ஃபோன்.
வங்கிப் பெண் கனிவான குரலில்
அட்டைகளை ஒவ்வொன்றாகக் கொன்றாள்.
கடன் வரலாறு காக்கும் மூன்று நிறுவனங்களுக்கும்
ஒரே விண்ணப்பம்:
என் பெயரை உறைய வையுங்கள்.
யார் வந்து கேட்டாலும் கடன் கொடுக்காதீர்கள்,
நானே வந்து கேட்டாலும்.

சன்னலுக்கு அப்பால் ஏரி உறைந்து கிடந்தது.
அதன் நடுவே யாரோ வண்டி ஓட்டிப் போனார்கள்.

நீங்கள் நீங்கள்தானா என்று பார்க்கச் சில கேள்விகள்,
என்றது இயந்திரக் குரல்.
இந்த நான்கு தெருக்களில் எதில் நீங்கள் வசித்ததில்லை?
மூன்றாவது தெருவின் பெயர் வந்தபோது
டெனிஸ் கதவை அறைந்துவிட்டுப் போன சத்தமும் கூடவே வந்தது.
வசிக்காத தெருவுக்குத்தான் எத்தனை நல்ல பெயர்!
அடுத்த கேள்வி, என்றோ விற்றுவிட்ட காரின் மாதத் தவணை.
மன்னிக்கவும்,
நீங்கள் நீங்கள் என்பதை உறுதிசெய்ய முடியவில்லை.
அடுப்பருகே நின்று சத்தமாகச் சிரித்தாள்.
பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச்சில் அறிக்கை வந்தது.
அவள் பெயரில் ஒரு டிவி, ஒரு சோபா,
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது டாலர் பாக்கி.
தேதியை விரலால் தொட்டுப் படித்தாள். நவம்பர் பதினொன்று.
பர்ஸ் தொலைந்தது பிப்ரவரியில்.

அவள் பெயருக்குள் வேறொருவர்
மூன்று மாதம் முன்பே உறைந்திருக்கிறார்,
வாடகை தராமல்.

சோபா இறங்கிய முகவரி பாலத்துக்கு அந்தப் பக்கம், விஸ்கான்சின்.
ஆண்டுதோறும் அவள் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பும் கதவெண்.

ரகசியக் கேள்வி: தாயாரின் பிறந்தவீட்டுப் பெயர்?
நிஸ்கனென்.
பூட்டு அவ்வளவுதான்.
அதே வயிற்றில் முன்னால் கிடந்தவனிடம்
அதே சாவி.

ஆறாம் வகுப்பில் அவள் கணக்கில் தோற்றபோது
மதிப்பெண் அட்டையில் அம்மாவின் கையெழுத்தைப் போட்டவன் லைல்.
முதல் எழுத்தின் சுழி, கடைசி எழுத்தின் வால், அச்சு அசல்.
அம்மாவே அதைப் பார்த்து
எப்போது போட்டேன் என்று யோசித்தாள்.
அன்று இருவரும் கொட்டகைக்குப் பின்னால்
வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

காவல் நிலையப் படிவம் ரொட்டிப் பெட்டியின் மேல்
இரண்டு வாரம் கிடந்தது.
இதைச் செய்தவரை உங்களுக்குத் தெரியுமா?
இரண்டே கட்டங்கள்.
ஒன்று பொய்ச் சத்தியம்.

ஏப்ரலில் பனி வழிந்து
கடையின் வாகன நிறுத்தத்தில் கறுத்த குவியல் கரைந்தபோது
வேலைக்காரப் பையன் அழைத்தான்.
பர்ஸ் ஊறி, ரொட்டிபோல உப்பியிருந்தது.
உள்ளே ஒரு டாலர்கூடக் குறையவில்லை.
குளிர்காலம் முழுக்க அதை யாரும் தொடவே இல்லை.

ஈர நோட்டுகளை ரேடியேட்டர் மேல் பரப்பிவிட்டு
பேனாவை எடுத்தாள்.
‘ஆம்’ என்ற கட்டத்தில் ஒரு குறி.
அதற்கடுத்த வரி, உறவு.
‘அண்ணன்’ என்று எழுதியபோது
தாளைத் தாண்டி மேசைவிரிப்பிலும் மை இறங்கியது.

கடைசியாக வங்கிக்கு ஒரு ஃபோன்.
ஏரி உருகினாலும் என் பெயர் உறைந்தே இருக்கட்டும்.
ரகசியக் கேள்வி அதேதான்,
பதிலை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.
இனி அம்மாவின் பெயர்
எந்தப் பெண்ணுக்கும் இருந்திராத பெயர்.
அவள் அதை மெல்லச் சொன்னாள், எழுத்தெழுத்தாக.

இங்கே எழுதமாட்டேன்.